அமெரிக்கா பின்தங்குகிறதா? ஜிடிபியை விடுங்கள், இரண்டாவது கப்பலைப் பேசுவோம்

#1 திசைகாட்டி

தலைப்பைப் பார்த்ததும் அடிக்க வராதீர்கள். சீனா எப்போதோ முந்திவிட்டது என்று ஒரு கூட்டமும், அமெரிக்காவை அசைக்க இன்னும் நூறு வருடம் ஆகும் என்று இன்னொரு கூட்டமும் ஆளுக்கொரு புள்ளிவிவரத்தைத் தூக்கிக்கொண்டு மோதுவதைப் பார்த்துச் சலித்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். டாலர் கணக்கில் பார்த்தால் அமெரிக்கப் பொருளாதாரம் பெரியது, அந்தந்த நாட்டு விலைவாசியையும் சேர்த்துப் பார்க்கும் வாங்கும் திறன் கணக்கில் பார்த்தால் சுமார் பத்து வருடமாகச் சீனா பெரியது. இரண்டும் சரிதான், இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது.

என் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருப்பது வேறு. ஸ்டிங்கர் என்று தோளில் வைத்துச் சுடும் ஏவுகணை ஒன்று இருக்கிறது, ஹெலிகாப்டரை வீழ்த்துவதற்கு. 2022-ல் உக்ரைன் போர் தொடங்கியதும் அமெரிக்கா தன் கையிருப்பிலிருந்து அள்ளிக் கொடுத்தது. கொடுத்ததை ஈடுகட்டப் புதிதாகச் செய்யலாம் என்று போனால், அமெரிக்க ராணுவம் அதற்கு ஆர்டர் கொடுத்தே ஏறக்குறைய இருபது வருடம் ஆகியிருந்தது. வரைபடங்கள் 1970-களின் கடைசியில் அதிபராக இருந்த ஜிம்மி கார்ட்டர் காலத்தவை. கோத்த ஆட்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள். அதைச் செய்யும் ரேதியான் நிறுவனம் எழுபது வயதைத் தாண்டிய பழைய ஊழியர்களைத் திரும்பக் கூப்பிட்டு, இப்போதுள்ள பிள்ளைகளுக்கு எதை எங்கே எப்படிப் பொருத்துவது என்று சொல்லிக்கொடுக்க வைத்தது. சோதனைக் கருவிகளைக் கிடங்கிலிருந்து எடுத்துச் சிலந்திவலையை ஊதித் தள்ளினோம் என்று அந்த நிறுவனத்தின் மேலதிகாரியே வெளிப்படையாகச் சொன்னார்.

என் வாதம் இவ்வளவுதான். ஒரு பொருளை உலகத்திலேயே முதல் முறையாகச் செய்வதில் அமெரிக்கா இன்றும் யாருக்கும் பின்னால் இல்லை. அதையே ஐம்பதாவது முறை, ஐந்நூறாவது முறை, போன தடவையைவிடக் குறைந்த செலவில், சொன்ன தேதிக்குச் செய்துகொடுப்பதில்தான் கைப்பழக்கம் விட்டுப்போயிருக்கிறது. மறுப்பு இருந்தால் வாருங்கள்.

#2 பழையபஞ்சாங்கம்

மறுப்பு இருக்கிறது. 1957-ல் சோவியத்தின் ஸ்புட்னிக், உலகின் முதல் செயற்கைக்கோள், பறந்தபோதும் இதே ஒப்பாரிதான். எண்பதுகளில் ஜப்பான். மிட்சுபிஷி எஸ்டேட் 1989-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் சென்டரில் பெரும்பங்கை வாங்கியபோது நாடே விலைபோய்விட்டது என்று அழுதார்கள். அதே வருடக் கடைசியில் ஜப்பான் பங்குச்சந்தைக் குறியீடான நிக்கெய் 38,915 புள்ளிகளில் நின்றது. அந்த உயரத்தை மறுபடி பார்க்க ஜப்பான்காரர்கள் 2024 பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1991-ல் சோவியத் யூனியனே இல்லை. தலைமுறைக்கு ஒரு பூச்சாண்டி வருகிறது, பூச்சாண்டி போய்விடுகிறது, அமெரிக்கா அங்கேயே இருக்கிறது. எழுபது வயதுத் தாத்தாக்களைக் கூப்பிட்டார்கள் என்பது நல்ல கதைதான், ஆனால் கூப்பிட ஆள் இருந்தார்கள், செய்தும் முடிக்கிறார்கள் இல்லையா?

#3 இரும்புக்கை

திசைகாட்டி சொல்வதற்கு நான் கொஞ்சம் எண்ணெய் ஊற்றுகிறேன். பி-2 குண்டுவீச்சு விமானம் 132 செய்வதாகத் திட்டம், செய்தது 21. சீவுல்ஃப் நீர்மூழ்கி 29 என்றார்கள், வந்தது 3. எஃப்-22 போர்விமானம் 750 என்று ஆரம்பித்து 200-ஐக்கூடத் தொடவில்லை. ஸம்வால்ட் நாசகாரிக் கப்பல் 32 திட்டம், கட்டியது 3.

இந்த ஸம்வால்ட் கதைதான் உச்சம். அதற்கென்றே தனியாக ஒரு பீரங்கி, அந்தப் பீரங்கிக்கென்றே தனியாக ஒரு குண்டு. கப்பலின் எண்ணிக்கை குறையக் குறையக் குண்டின் விலை ஏறிக்கொண்டே போய், ஒரு குண்டு சுமார் 8 லட்சம் டாலர் என்ற இடத்துக்கு வந்ததும் கடற்படை வேண்டாம் என்று விட்டுவிட்டது. கப்பல் இருக்கிறது, பீரங்கி இருக்கிறது, சுடுவதற்குக் குண்டு இல்லை. கடைசியில் பீரங்கியையே பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் ஏவுகணைக் குழாய் வைக்கிறார்கள்.

#4 பழையபஞ்சாங்கம்

> பி-2 132... சீவுல்ஃப் 29...

இரண்டும் சோவியத் யூனியனுக்காகத் திட்டமிட்டவை. எதிரியே இல்லாமல் போன பிறகு யாருக்காக 132 குண்டுவீச்சு விமானம்? நிறுத்தியது புத்திசாலித்தனம். கை விட்டுப்போனதற்கும் வேண்டாம் என்று நிறுத்தியதற்கும் வித்தியாசம் இருக்கிறது, இரும்புக்கை.

#5 திசைகாட்டி

சரி, அந்த இரண்டையும் உங்களுக்கே விட்டுக்கொடுத்துவிடுகிறேன். எதிரி கண்ணெதிரே நிற்கிறபோது நடந்ததைச் சொல்கிறேன்.

சீனக் கடற்படையில் 370-க்கு மேல் கப்பல் என்று அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனின் அறிக்கையே சொல்கிறது, அமெரிக்காவிடம் 300-க்குள்தான். (எடைக் கணக்கில் அமெரிக்கா இன்னும் பெரியது, விமானந்தாங்கி 11, சீனாவிடம் 3. இதை நானே சொல்லிவிடுகிறேன், யாராவது வந்து சொல்வதற்கு முன்னால்.) அவசரமாக எண்ணிக்கையை ஏற்ற வேண்டும். புதிதாக வரைந்தால்தான் தாமதம் ஆகும், ஏற்கெனவே கடலில் ஓடுகிற டிசைன் ஒன்றை வாங்கிக் கட்டுவோம் என்று முடிவெடுத்தார்கள். நல்ல முடிவு. இத்தாலி, பிரான்ஸ் கடற்படைகள் வைத்திருக்கும் ஃப்ரெம் வகைப் போர்க்கப்பலைத் தேர்ந்தெடுத்து, 2020-ல் விஸ்கான்சினில் மேரினெட் என்ற இடத்தில் இருக்கும் கப்பல் கட்டும் தளத்துக்கு ஒப்பந்தம் கொடுத்தார்கள். கான்ஸ்டலேஷன் என்று பெயர்.

தாய்க்கப்பலோடு 85 சதவீதம் ஒத்துப்போக வேண்டும் என்பது திட்டம். அப்புறம் ஆரம்பித்தது. அடிபட்டாலும் மூழ்கக் கூடாது என்று எங்கள் விதிமுறை வேறு, உடம்பை நீட்டு. ஜெனரேட்டர் பெரிதாக வேண்டும், இடத்தை மாற்று. மாற்றியதால் எடை கூடிவிட்டது, மறுபடி கணக்குப் போடு. கடைசியில் ஒத்துப்போனது 15 சதவீதத்துக்கும் கீழே. இதில் கொடுமை, வரைபடம் முடியாமலே 2022-ல் இரும்பை வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். 2026-ல் வர வேண்டிய முதல் கப்பல் 2029 ஆனது. 2025 நவம்பரில் கடற்படை, ஒப்பந்தம் போட்ட ஆறில் நான்கை ரத்து செய்துவிட்டு, கட்டிக்கொண்டிருக்கும் இரண்டை மட்டும் முடியுங்கள் என்று சொல்லிவிட்டது.

இங்கே எதிரி காணாமல் போகவில்லை, ஐயா. பணமும் இருந்தது. அடுத்தவன் கட்டி ஓட்டிக்கொண்டிருக்கும் கப்பலை இரண்டாவது முறை கட்ட முடியவில்லை.

#6 சும்மாபடிக்கிறேன்

தைத்த சட்டையை வாங்கி, தையல் எல்லாவற்றையும் பிரித்து, துணி பத்தவில்லை என்று அழுத மாதிரி இருக்கிறது.

#7 கடலோடி

நான் இந்த மாதிரி இழைகளில் எழுதுவதில்லை, ஆனால் கப்பல் என்றதும் கை சும்மா இருக்கவில்லை. கப்பலில் எஞ்சினியராக இருந்தவன். கொஞ்ச காலம், கப்பல் வாங்கும் முதலாளி தரப்பில், யாங்சே ஆற்றங்கரையில் ஒரு தளத்தில் கட்டுமானத்தை மேற்பார்க்கும் வேலை பார்த்தேன். ஒரே மாதிரி எட்டு சரக்குக் கப்பல், வரிசையாக.

கப்பல் கட்டுவது என்றால் கீழிருந்து மேலாகத் தகடு தகடாக ஒட்டுவது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்காகச் சொல்கிறேன், அப்படிக் கட்டி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. ஐந்நூறு அறுநூறு டன் எடையில் ஒரு பெரிய கட்டிடம் போன்ற துண்டைத் தரையிலேயே தலைகீழாகப் போட்டு வெல்டிங் செய்வார்கள், ஏனென்றால் கூரையை அண்ணாந்து பார்த்து வெல்டிங் அடிப்பதைவிடத் தரையாகக் குனிந்து அடிப்பது சுலபம், வேகம், தரமும் நன்றாக வரும். அதற்குள்ளேயே குழாய், கேபிள் போகிற தட்டு, பெயின்ட் எல்லாம் முடித்துவிட்டுப் புரட்டி, கிரேனில் தூக்கிக்கொண்டுபோய் டாக்கில் வைத்தால் ஓரங்களை மட்டும் ஒட்ட வேண்டியதுதான்.

முதல் கப்பலில் எண்ணெய் சுத்திகரிக்கும் எந்திரத்துக்குப் பின்னால் ஒரு வால்வு. அதைத் திருக ஸ்பேனர் உள்ளே நுழையாது, பக்கத்தில் ஒரு குழாய் வளைந்து மறிக்கும். நான் சாக்பீஸால் அந்தக் குழாயில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தேன். முதல் கப்பலில் அந்த இடத்தை வெட்டி ஒட்டித்தான் சரி செய்தார்கள், முனகிக்கொண்டே. இரண்டாவதில் அந்தக் குழாய் நான்கு அங்குலம் தள்ளி வந்தது. நான்காவது கப்பலில் போய்ப் பார்த்தால் அந்த வளைவுக்கென்றே தளத்தில் யாரோ இரும்பில் ஒரு அச்சு செய்து வைத்திருந்தார்கள், அளவெடுக்கவே வேண்டாம், அச்சில் வைத்து வளை, கொண்டுபோய் மாட்டு. ஆறாவதில் என் சாக்பீஸுக்கு வேலையே இல்லை. முதல் கப்பலுக்கு ஆனதைவிட மிகக் குறைந்த நாளில் எட்டாவது வெளியே போனது.

அந்த அச்சு எந்த வரைபடத்திலும் இருக்காது. தளத்தை மூடினால் பழைய இரும்புக்குப் போகிற முதல் சாமான் அதுதான்.

#8 திசைகாட்டி

கடலோடி அண்ணே, நான் ஒரு பக்கம் எழுதியும் சொல்ல முடியாததை அந்த நான்கு அங்குலத்தில் சொல்லிவிட்டீர்கள்.

#9 மின்மினி

கப்பல் மட்டும் இல்லை. எல்எஃப்பி பேட்டரி கதையைப் பாருங்கள், இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த லித்தியம் பேட்டரி, விலை குறைவு, சீக்கிரம் தீப்பிடிக்காது. தொண்ணூறுகளில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் குட்டினஃப் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தது. அவருக்கு 2019-ல் லித்தியம் பேட்டரி ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு. அதைச் சந்தைக்குக் கொண்டுவர அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்திலிருந்து ஏ123 என்று ஒரு நிறுவனம் கிளம்பியது, 2009-ல் அரசு 249 மில்லியன் டாலர் மானியம் அறிவித்தது. 2012-ல் திவால். வாங்கியது யார்? வான்ஷியாங், சீன வாகன உதிரிபாக நிறுவனம்.

அடுத்த காட்சி: 2023-ல் ஃபோர்டு நிறுவனம் மிச்சிகனில் மார்ஷல் என்ற ஊரில் எல்எஃப்பி பேட்டரித் தொழிற்சாலை அறிவிக்கிறது, தொழில்நுட்பம் சீனப் பேட்டரி நிறுவனமான சிஏடிஎல்லிடமிருந்து உரிமக் கட்டணத்துக்கு. டெக்சாஸில் பிறந்த பிள்ளை சீனாவில் படித்து வளர்ந்து, மிச்சிகனுக்கு வாத்தியாராக வந்திருக்கிறது.

சோலார் செல்லும் அதேதான். 1954-ல் நியூ ஜெர்சியில் பெல் ஆய்வுக்கூடம் செய்து காட்டியது, இன்று அதன் தயாரிப்புச் சங்கிலியின் ஒவ்வொரு கட்டத்திலும் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவில்.

#10 வட்டிக்கணக்கு

எல்லோரும் இரும்பையே கட்டி அழுகிறீர்கள். வல்லரசு சாய்வது தொழிற்சாலையில் தெரியாது, கடன் புத்தகத்தில்தான் தெரியும். 1956-ல் சூயஸ் கால்வாய்க்குப் படை எடுத்துப்போன பிரிட்டனை நிறுத்தியது எகிப்தின் துப்பாக்கி இல்லை. பவுண்டு சரிந்தபோது உதவ மாட்டேன் என்று அமெரிக்க அதிபர் ஐசனோவர் சொன்னார், அவ்வளவுதான், மூட்டை கட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

அமெரிக்க அரசு 2024 நிதியாண்டில் ராணுவத்துக்குச் செலவழித்ததைவிடக் கடனுக்குக் கட்டிய வட்டி அதிகம். மொத்தக் கடன் 2025-ல் 38 டிரில்லியன் டாலரைத் தாண்டியது. எஸ்&பி 2011-லும், ஃபிட்ச் 2023-லும், மூடிஸ் 2025 மே மாதத்திலும் அமெரிக்காவின் கடன் தரத்தை இறக்கிவிட்டார்கள், நாடுகளின் கடனுக்கு மதிப்பெண் போடும் நிறுவனங்கள் இவை. 2025 ஏப்ரலில் டிரம்ப் உலகம் முழுக்க வரி போட்டபோது நடந்ததைக் கவனித்தீர்களா? வழக்கமாகப் பங்குச்சந்தை விழுந்தால் பயந்தவர்கள் அமெரிக்கக் கடன் பத்திரத்தில் போய் ஒளிவார்கள். இந்தத் தடவை பங்கும் விழுந்தது, பத்திரமும் விழுந்தது, டாலரும் விழுந்தது. ஒரு வாரத்தில் பெரும்பாலான வரியை 90 நாள் நிறுத்திவைத்தார்கள்.

இருந்தாலும், இதையும் சொல்லியாக வேண்டும், மத்திய வங்கிகளின் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் இன்னும் பாதிக்கு மேல் டாலர்தான். 2000-ல் 70 சதவீதத்தை ஒட்டி இருந்தது, இப்போது 60-க்குக் கீழே. கால் நூற்றாண்டில் இவ்வளவுதான் கரைந்திருக்கிறது, அதுவும் சீன யுவானுக்குப் போனது சொற்பம். எனவே நான் எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள்.

#11 சும்மாபடிக்கிறேன்

எந்தக் கட்சி என்று கேட்கலாம் என்றுதான் டைப் செய்துகொண்டிருந்தேன்.

#12 பழையபஞ்சாங்கம்

ஜப்பானைச் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, கப்பலையும் பேட்டரியையும் காட்டித் தப்பிக்கப் பார்க்கிறீர்கள். 1995-ல் ஜப்பானின் பொருளாதாரம் டாலர் கணக்கில் அமெரிக்காவில் 70 சதவீதத்துக்கு வந்தது, இன்று ஏழில் ஒரு பங்கு. சீனா 2021-ல் முக்கால் பங்குக்கு வந்தது, 2024-ல் மூன்றில் இரண்டு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. எவர்கிராண்டே மாதிரிக் கட்டுமான நிறுவனங்கள் கவிழ்ந்தது நினைவிருக்கிறதா? 2023 ஜூனில் இளைஞர் வேலையின்மை 21.3 சதவீதம் என்று வந்ததும் அந்தப் புள்ளிவிவரத்தையே கொஞ்ச காலம் வெளியிடாமல் நிறுத்திவைத்த அரசு அது.

இதையெல்லாம் விடப் பெரிது பிள்ளைப்பேறு. 2016-ல் சீனாவில் பிறந்த குழந்தைகள் சுமார் 1.79 கோடி, 2024-ல் 95.4 லட்சம். எட்டே வருடத்தில் கிட்டத்தட்ட பாதி! கடலோடி சொன்ன அந்த அச்சைப் பிடிக்க 2045-ல் ஆள் எங்கிருந்து வருவான்?

#13 திசைகாட்டி

பிள்ளைக் கணக்கு பலமான வாதம், ஒத்துக்கொள்கிறேன், அதற்கு என்னிடம் முழு பதில் இல்லை. ஆனால் ஜப்பானோடு ஒப்பிடுவதில் ஒரு ஓட்டை. ஜப்பானில் அமெரிக்கப் படைத்தளம் இருக்கிறது, ஜப்பானின் பாதுகாப்பே அமெரிக்கா கையில். 1985-ல் நியூயார்க் பிளாசா ஹோட்டலில் உட்கார வைத்து யென்னின் மதிப்பை ஏற்று என்றால் ஏற்ற வேண்டியிருந்தது. சீனாவை அப்படி எந்த ஹோட்டலில் உட்கார வைப்பீர்கள்?

உட்கார வைக்கப் பார்த்தார்கள். 2025 ஏப்ரலில் சீனப் பொருள்களுக்கு வரி 145 சதவீதம் வரை போனது. சீனா ஏழு வகை அருமண் (ரேர் எர்த்) தனிமங்களுக்கும் அவற்றில் செய்யும் காந்தங்களுக்கும் ஏற்றுமதி உரிமம் கட்டாயம் என்றது. மே மாதம் சிகாகோவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் தொழிற்சாலை காந்தம் இல்லாமல் ஒரு வாரம் மூடிக் கிடந்தது. ஜெனீவாவில் சமரசம் அதே மே மாதம்தான். யார் யாரை உட்கார வைத்தது?

#14 இரும்புக்கை

அந்தக் காந்தத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. இந்த வகைக் காந்தத்தை எண்பதுகளில் கண்டுபிடித்தது இரண்டு இடத்தில், ஒன்று ஜப்பானின் சுமிடோமோ, இன்னொன்று அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். ஜிஎம் அதற்காக மேக்னக்வென்ச் என்று தனி நிறுவனமே வைத்திருந்தது. 1995-ல் அதைச் சீனப் பங்குதாரர்கள் இருந்த ஒரு குழுவுக்கு விற்றார்கள், அப்புறம் சில வருடத்தில் இண்டியானாவில் இருந்த வேலை சீனாவுக்குப் போய்விட்டது. கலிஃபோர்னியாவில் மவுன்டன் பாஸ் சுரங்கம் ஒரு காலத்தில் உலகத்துக்கே அருமண் கொடுத்த இடம். சமீபம் வரை அங்கே தோண்டியதைப் பிரித்தெடுக்கச் சீனாவுக்குத்தான் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மண் அமெரிக்காவில், மூளை அமெரிக்காவில், நடுவில் இருக்கும் அழுக்கு வேலை சீனாவில். அந்த அழுக்கு வேலைதான் இன்று கழுத்தைப் பிடிக்கிறது. 2025 ஜூலையில் பென்டகனே அந்தச் சுரங்க நிறுவனத்தில் 40 கோடி டாலர் போட்டுப் பெரிய பங்குதாரர் ஆனது.

#15 விண்ணோக்கி

திசைகாட்டியின் கொள்கையில் ஒரு பெரிய பொத்தல் போடட்டுமா? ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஃபால்கன் 9 ராக்கெட்.

2024-ல் ஸ்பேஸ்எக்ஸ் 130 தடவைக்கு மேல் ராக்கெட் விட்டது. சீனா முழு நாடும் சேர்ந்து 68. ராக்கெட்டின் அடிப்பகுதியான அதே முதல் கட்டம் கடலில் மிதக்கும் மேடையில் வந்து இறங்கி, துடைத்து, மறுபடி பறக்கிறது, சில ராக்கெட்டுகள் இருபது தடவைக்கு மேல். நீங்கள் சொன்ன "ஐம்பதாவது முறை, குறைந்த செலவில், சொன்ன தேதிக்கு" என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் உலகத்தில் இல்லை, அது அமெரிக்காவில் இருக்கிறது. எஃப்-35 போர்விமானம் ஆயிரத்துக்கு மேல் கொடுத்தாகிவிட்டது. பாறைக்குள்ளிருந்து எடுக்கும் ஷேல் எண்ணெய்க்குக் கிணறு எத்தனை ஆயிரம் தோண்டினார்கள்! 2018 முதல் உலகிலேயே அதிகக் கச்சா எண்ணெய் எடுப்பது அமெரிக்கா. கைப்பழக்கம் எங்கே போனது என்கிறீர்கள்?

#16 திசைகாட்டி

இது வலிக்கிற அடி. நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். கை நாடு முழுக்க விட்டுப்போகவில்லை. ஷேல் கிணறு தோண்டுகிறவனுக்கு எதிரே நூறு போட்டியாளர், எண்ணெய் விலை இறங்கினால் அடுத்த மாதமே சாவான், அதனால் ஒவ்வொரு கிணற்றிலும் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். ராக்கெட்டில் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை பாடம் கிடைக்கிறது. கப்பலில் வாங்குவது ஒரே ஆள், கடற்படை. செலவு ஏறினால் ஏறியதையும் பெரும்பாலும் அவரே கட்டுவார். ஆர்டர் இந்த வருடம் மூன்று, அடுத்த வருடம் ஒன்று, அதற்கடுத்த வருடம் நாடாளுமன்றம் என்ன நினைக்கிறதோ அது. அந்தச் சூழலில் கடலோடி பார்த்த அந்த அச்சை யாரும் செய்யவே மாட்டான், நான்காவது கப்பல் வரும் என்று அவனுக்கு நம்பிக்கை இருந்தால்தானே செய்வான்.

வணிகக் கப்பலில் இன்னும் மோசம். 1920-ல் போட்ட ஜோன்ஸ் சட்டம், அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே சரக்கு ஏற்றும் கப்பல் அமெரிக்காவிலேயே கட்டியதாக இருக்க வேண்டும் என்கிறது. தொழிலைக் காப்பாற்றப் போட்ட வேலி. வேலிக்குள் இருந்ததால் வெளியே உள்ளவனோடு போட்டி போடவே தேவைப்படவில்லை, வெளிநாட்டுக் கப்பலைவிட விலை மூன்று மடங்குக்கு மேல். 1981-ல் அதிபர் ரேகன் கட்டுமான மானியத்தையும் நிறுத்தினார். ஆண்டுக்கு அவர்கள் கட்டும் பெரிய வணிகக் கப்பல்களை இன்று விரல் விட்டு எண்ணலாம். கப்பல் கட்டுவதில் சீனாவின் பங்கு 1999-ல் 5 சதவீதத்துக்குக் கீழே, இப்போது உலகின் பாதிக்கு மேல்.

#17 இரும்புக்கை

இதே நாடுதான் இரண்டாம் உலகப் போரில் நான்கு வருடத்தில் லிபர்ட்டி என்ற வகைச் சரக்குக் கப்பல் 2,710 கட்டியது என்பதை நினைத்தால்தான் எரிகிறது. 1942 நவம்பரில் கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் ராபர்ட் ஈ. பியரி என்ற கப்பலைத் தொடங்கி நான்கரை நாளில் தண்ணீரில் இறக்கினார்கள். விளம்பரத்துக்காகச் செய்ததுதான், ஆனாலும் செய்தார்கள். கட்டியவர்களில் நிறைய பேர் அதற்கு முன் கப்பல் தளத்தையே பார்க்காதவர்கள், பெண்கள் ஏராளம்.

#18 கடலோடி

அதில் சில கப்பல்கள் குளிர்கடலில் நடுவே பிளந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரும்பின் தரமும் வெல்டிங்கில் ஓடிய விரிசலும் சேர்ந்து செய்த வேலை. ஆனால் அதிலிருந்துதான் உலகம் முழுக்க வெல்டிங் கப்பலுக்கு என்ன எஃகு வேண்டும் என்று கற்றுக்கொண்டோம். 2,710 கட்டியதால் கற்றார்கள், மூன்று கட்டியிருந்தால் விபத்து என்று கோப்பை மூடியிருப்பார்கள்.

#19 அலைவரிசை

நீங்கள் எல்லோரும் அமெரிக்காவைத் தனியாக நிறுத்தி எண்ணுகிறீர்கள். கப்பல் கட்டுவதில் இரண்டாம் இடம் தென்கொரியா, மூன்றாம் இடம் ஜப்பான், இருவரும் அமெரிக்காவின் ஒப்பந்த நண்பர்கள். சீனாவுக்கு அப்படிப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருப்பது வட கொரியாவோடு மட்டும். சிப் எடுத்துக்கொண்டால் வடிவமைப்பு அமெரிக்கா, எந்திரம் நெதர்லாந்து, தயாரிப்பு தைவான், ரசாயனம் ஜப்பான். கூட்டணியாக எண்ணினால் யார் பின்னால்? கொரியாவின் ஹன்வா நிறுவனம் 2024 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் கப்பல் கட்டும் தளத்தையே வாங்கிவிட்டது, 10 கோடி டாலர்தான். கை இல்லையென்றால் நண்பனின் கையை வாங்கலாம்.

#20 மின்மினி

> நண்பனின் கையை வாங்கலாம்

வாங்கலாம், விலங்கு மாட்டாமல் இருந்தால். 2025 செப்டம்பரில் ஜார்ஜியாவில் ஹூண்டாயும் எல்ஜியும் சேர்ந்து கட்டிக்கொண்டிருந்த பேட்டரித் தொழிற்சாலையில் குடியேற்ற அதிகாரிகள் புகுந்து 475 பேரைப் பிடித்தார்கள், அதில் முந்நூறுக்கு மேல் கொரியர்கள். எந்திரம் பொருத்தச் சொல்லிக்கொடுக்க வந்த ஆட்களும் அதில் உண்டு. சங்கிலி போட்டுக் கூட்டிப்போன காட்சி கொரியா முழுக்க ஓடியது. தனி விமானம் வைத்துத் திரும்பக் கூட்டிப்போனார்கள்.

1955-லும் இதுதான் நடந்தது. சீனாவில் பிறந்த விஞ்ஞானி சியென் ஷுவேசென், கலிஃபோர்னியாவில் ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர், கம்யூனிஸ்ட் என்று சந்தேகப்பட்டு ஐந்து வருடம் கண்காணிப்பில் வைத்து, கடைசியில் சீனாவுக்கு அனுப்பினார்கள். சீன ஏவுகணைத் திட்டத்தின் தந்தை என்று இன்று கொண்டாடுவது அவரைத்தான்.

#21 வட்டிக்கணக்கு

அதோடு போர்க்கப்பலை வெளிநாட்டுத் தளத்தில் கட்டக் கூடாது என்று அமெரிக்காவில் தனிச் சட்டம் இருக்கிறது, அதிபர் விலக்கு கொடுத்தால் ஒழிய. அலைவரிசையின் கூட்டணிக் கணக்கு காகிதத்தில் நன்றாக இருக்கிறது.

#22 பழையபஞ்சாங்கம்

சரி, கேள்வியை நேராகவே கேட்கிறேன். எந்த எண் மாறினால் உங்கள் எண்ணத்தை மாற்றிக்கொள்வீர்கள், திசைகாட்டி? எதற்கும் மாறாது என்றால் இது வாதம் இல்லை, சோகப்பாட்டு.

#23 திசைகாட்டி

நியாயமான கேள்வி. வர்ஜீனியா வகை அணுசக்தி நீர்மூழ்கி. அமெரிக்காவுக்கு வருடத்துக்கு இரண்டு வேண்டும், ஆஸ்திரேலியாவுக்குக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டதையும் சேர்த்தால் 2.33. வந்துகொண்டிருப்பது சுமார் 1.2. அது இரண்டைத் தொட்டு மூன்று வருடம் அங்கேயே நின்றால் இந்த இழையின் தலைப்பை நானே மாற்றுகிறேன். உங்களுக்கு?

#24 பழையபஞ்சாங்கம்

சீனாவின் பிறப்பு மறுபடி 1.5 கோடியைத் தொட்டால் நான் சரணடைகிறேன். உங்கள் எண் என் எண்ணைவிடச் சுலபம், பணம் போட்டால் நடக்கும்.

#25 கடலோடி

பணம் போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், பில்லியன் பில்லியனாக. நீர்மூழ்கித் தளங்களில் புதிதாகச் சேரும் ஆட்களில் பெரும்பகுதி முதல் வருடத்திலேயே ஓடிவிடுகிறார்கள். ஏசி போட்ட கிடங்கில் பெட்டி தூக்கினால் ஏறக்குறைய அதே கூலி என்றால் யார் நிற்பான்?

கப்பலின் அடித்தட்டுக்குள் வெல்டிங் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முட்டி போட்டுத்தான் நுழைய வேண்டும், தலை நிமிராது, வாசல் ஒரு ஆள் நுழைகிற துளை. புகையை உறிஞ்சும் குழாயைக் கூடவே இழுத்துக்கொண்டு போக வேண்டும். அடித்து முடித்த இரும்பு சுட்டுக்கொண்டிருக்கும், அதன் மேலேயே முட்டியை ஊன்றித் திரும்ப வேண்டும். மறுநாள் எக்ஸ்ரே படத்தில் ஒரு சின்னக் குமிழி தெரிந்தால் அவ்வளவையும் சுரண்டிவிட்டு மறுபடி. எங்கள் தளத்தில் அந்த வேலைக்கென்று ஒரு ஃபோர்மேன் இருந்தார், இருபது வருடம் அதே வேலை. புதிதாக வருகிறவனை முதல் ஒரு மாதம் வெல்டிங்கே அடிக்க விடமாட்டார், பக்கத்தில் உட்கார்ந்து சத்தத்தை மட்டும் கேட்கச் சொல்வார். சத்தம் சீராக வந்தால் உள்ளே குமிழி இருக்காதாம்.